பரணில் கிடக்கும் கண்ணாடித் தகடுகள்

(நம் சங்கத்தின் திங்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை; ஆண்டு மலருக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது)



இம்மேடையில் திருக்குறளைப் பற்றியோ சிலப்பதிகாரத்தைப் பற்றியோ பேசுவதுதான் மரபு. அம்மரபை மீறி, ஓர் இயந்திரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் ஸ்கேனர். வருடி என்று தமிழில் அழகாகப் பெயரிட்டிருக்கிறார்கள். எனினும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஸ்கேனர் என்றே கூறுவதால் நானும் அச்சொல்லையே ஆளுகின்றேன். பழைய கண்ணாடி நெகடிவுகளையும் பெரிய பிலிம்களையும் படியெடுக்கவல்ல ஸ்கேனர் ஒன்றைச் சங்க நிதியிலிருந்து வாங்கவேண்டுமென்று சென்ற செயற்குழுவில் விண்ணப்பித்தேன். அப்பொழுது ஓர் அன்பர் எழுந்து, "ஐயா, ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது. அதில் இல்லாத காமிராவா? அந்தப் பணத்துக்கு நூலகத்திற்குப் புத்தகம் வாங்கலாமே" என்றார். நியாயமான கேள்வி. அன்று எனக்களித்த ஐந்து நிமிடத்தில் அதற்கு விடை கூற இயலவில்லை. இன்று தலைவர் அவர்கள் பெருமனத்துடன் முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

நான் முப்பத்தோராண்டுக் காலம் இவ்வூர் அச்சகமொன்றில் புராஸஸ் காமிராப் பிரிவில் வேலை பார்த்தவன். அந்தக் காமிராவின் முன்பகுதி வெளிச்சத்திலும் பின்பகுதி இருட்டறைக்குள்ளும் இருக்கும். படம் பிடிப்பவன் காமிராவின் வயிற்றுக்குள்ளேயே நின்று வேலை செய்கிறான் என்று வேடிக்கையாகச் சொல்லுவோம். ஆகவே பெரிய பிலிம் எனக்குப் புதிதன்று. தொட்டுப் பழகிய கை இது. ஆனால் இந்தக் கையே ஒரு குற்றமும் செய்திருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே செல்ல என் மனம் இடங்கொடுக்கவில்லை.

என் தந்தையார் 1950-களில் சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு சிறிய படநிலையத்தில் ரீடச்சிங் வேலை பார்த்தார். வசதியுள்ளோர் படமெடுத்துக்கொள்ள 1910 முதல் நடந்துவரும் ஜி.கே. வேல் போன்ற பெரிய நிலையங்கள் இருந்தன. நம்மைப் போன்றோர் திருமணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பிரிவுக்கும் சந்துக்குள் இருந்த சிறு நிலையங்களையே நாடினர். ரீடச்சிங் என்பது யாதெனின், நெகடிவைச் சாய்ந்த மேசையில் வைத்துப் பின்னாலிருந்து ஒளி விழச்செய்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் மருந்து பூசிய பக்கத்திலேயே முகத்தின் தழும்பையும் சுருக்கத்தையும் மறைக்கும் கலை. அக்காலத்துப் பிளேட்டுகளிற் பல சிவப்பு நிறத்தை உணரமாட்டா. அதனால் நம்மவர் முகம் உள்ளதைவிடக் கறுத்து விழும். அதனைச் சரிசெய்து, "ஐயா, என் மகள் இவ்வளவு கறுப்பா?" என்று கேட்கும் பெண்வீட்டாரைச் சமாதானப்படுத்துவது என் தந்தையாரின் பென்சில்தான். எத்தனை திருமணங்களுக்கு அந்தப் பென்சில் பொறுப்பு என்பதை நான் கணக்கிடத் துணியவில்லை.

படநிலையம் மூடப்பட்டபோது முதலாளியிடம் சம்பள பாக்கி கொடுக்கப் பணமில்லை. மூன்று மரப்பெட்டி நிறையக் கண்ணாடி நெகடிவுகளைத் தூக்கிக் கொடுத்தார். அப்பெட்டிகள் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுப் பரணில் ஏறின.

1972-இல் என் தங்கையின் திருமணத்துக்கு முன் வீட்டை வெள்ளையடித்தோம். சுவாமி படங்களுக்குக் கண்ணாடி போடவேண்டியிருந்தது. கடையில் கண்ணாடி வாங்கக் காசு மிச்சமில்லை. பரணில் கண்ணாடி அடுக்கடுக்காக இருக்கிறதே என்று எனக்கு ஒரு யோசனை பிறந்தது. அண்டாவில் வெந்நீர் காயவைத்து, சலவைச் சோடா போட்டு, இரண்டு பெட்டித் தகடுகளையும் ஊறவைத்தேன். கால் மணியில் ஜெலட்டின் பூச்சு ஏடுபோல் கழன்றது. சாம்பல் நிறத் தோலாக அது முற்றத்துச் சாக்கடையில் சென்றது. கண்ணாடி பளிங்குபோல் ஆயிற்று. நான் பெருமையுடன் துடைத்துக்கொண்டிருந்தபோது தந்தையார் வேலையிலிருந்து வந்தார். ஒன்றும் கூறவில்லை. எஞ்சியிருந்த மூன்றாவது பெட்டியை எடுத்துத் தாமே பரண்மேல் வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு உணவருந்த அமர்ந்தார். அதன்பின் இறுதிவரை அதைப் பற்றி அவர் பேசியதில்லை. எங்கள் வீட்டு முருகன் படத்தின் முன் உள்ள கண்ணாடியில் முன்பு யாருடைய முகம் இருந்ததோ, நான் அறியேன்.

இவ்வாறு செய்தவன் நான் ஒருவனே அல்லன். பிளேட்டிலும் பிலிமிலும் உள்ள வெள்ளிக்காகவும், பிளேட்டின் கண்ணாடிக்காகவும் பழைய நெகடிவுகளைச் சேர்த்து விற்றவர்கள் நாடெங்கும் உண்டு.

அந்த மூன்றாவது பெட்டியைச் சென்ற ஆண்டுதான் திறந்தேன். நாற்பத்தொரு தகடுகள். பெரும்பாலானவை அரைப் பிளேட்டு. அதாவது 4¾ அங்குலத்துக்கு 6½ அங்குலம். மூன்று மட்டும் முழுப் பிளேட்டு, 6½-க்கு 8½. அவற்றுள் ஒன்று கால்பந்துக் குழுவின் படம். நந்தன் மைதானத்தில் மாலை நேரத்தில் பந்து உருளாத நாள் நம் பேட்டையில் ஏது? குழுவின் பெயரை இங்கே கூறப்போவதில்லை. அதற்கு உரிமை கொண்டாடும் இரு சாராரும் இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கின்றனர்! வெறுங்காலுடன் பதினொருவர், நடுவில் கேடயம், காலடியில் பந்து, வலக்கோடியில் வேப்பமர நிழலில் பாதி மறைந்து நிற்கும் ஓர் இளைஞன்.

முதலில் நானும் கைப்பேசியைத்தான் எடுத்தேன் என்பதை அந்த அன்பருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். தகட்டைச் சன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் படமெடுத்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றினேன். பந்தின்மேல் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்த 1946 என்னும் ஆண்டு நன்றாகவே தெரிந்தது. கண்டோன்மெண்ட் மைசூர் அரசிடம் திரும்பியது 1947 ஜூலையில். ஆகவே குழு அதற்கு முந்தியது என்று ஒரு வழக்கு அப்பொழுதே தீர்ந்தது. இவ்வளவுக்குக் கைப்பேசி போதும். ஆனால் கேடயத்தில் பதித்த சிறு தகட்டின் எழுத்துகள் கைப்பேசியில் எறும்பு ஊர்ந்த தடம்போல் இருந்தன. நிழலில் நின்ற இளைஞனின் முகம் வெறுங் கரிய திட்டாக இருந்தது.

பின்னர் நண்பரொருவரின் மகன் வைத்திருந்த எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி 700 என்னும் ஸ்கேனரை இரண்டு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். அதே தகட்டை அதில் வைத்தேன். கேடயத்தின் எழுத்தைப் படித்தேன். இளைஞனின் முகமும் வந்தது. அந்த முகத்தைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுகிறேன். முதலில் அது எவ்வாறு வந்தது என்பதைக் கூறவேண்டும்.

அக்காலத்தில் சிறு படநிலையங்களில் பெரும்பாலும் படத்தைப் பெரிதாக்கும் வழக்கமில்லை. தகட்டைத் தாளின்மேல் நேராகப் படியவைத்து ஒளி காட்டுவார்கள். தகடு எவ்வளவோ படமும் அவ்வளவே. எனவே தாளில் நம் கண்ணுக்குத் தெரிவது தகட்டில் உள்ளதில் ஒரு பகுதியேயாகும். எஞ்சியது தகட்டுக்குள் அடங்கிக் கிடக்கிறது. இதனை நன்கறிந்தவர்கள் முற்காலத்தார். சென்னை மாகாணத்தின் அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்த காப்டன் லினியஸ் டிரைப் என்பவர், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 1858-இல் படம் பிடித்தார். பெரிய காகித நெகடிவுகளில் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே படமாக ஆக்கினார். அழகு காட்டுவது அவர் நோக்கமன்று; எழுத்தைப் படிக்கவேண்டும், அவ்வளவே. பெரிய நெகடிவின் பயன் என்னவென்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் தமிழ்நாட்டில் வேறில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் தாய்மார்கள் முகம் சுளிக்கவேண்டாம். மளிகைக் கணக்கைவிட எளிது. ஸ்கேனர் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி படிக்கிறது என்பதே அதன் நுணுக்கம். பெட்டியின்மேல் 6400 என்று போட்டிருப்பார்கள். சோதித்துப் பார்த்தவர்கள், இவ்வகை மேசை ஸ்கேனர்களில் உண்மையாகக் கிடைப்பது ஏறக்குறைய 2300 என்கிறார்கள். சிறிய 35 மில்லிமீட்டர் பிலிம் வைத்திருப்போருக்கு இஃது ஒரு குறைதான். அதன் நீளம் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவு. 2300 புள்ளியில் படித்தால் நல்ல அச்சில் பதினோரு அங்குலப் படந்தான் கிடைக்கும். நம் அரைப் பிளேட்டுக்கோ 1200 புள்ளியே போதும். 6½ அங்குலத்தை 1200-ஆல் பெருக்கினால் 7800. 4¾-ஐப் பெருக்கினால் 5700. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 26 அங்குல அகலமும் 19 அங்குல உயரமும் உள்ள படம்! பெரிய தகடு சிறிய இயந்திரத்தின் குறையைப் பொறுத்துக்கொள்கிறது. சின்ன பிலிமுக்கு உயர்ந்த கருவி வேண்டும். நம் பாட்டன்மார் விட்டுச்சென்ற பெரிய தகட்டுக்கு நடுத்தரக் கருவியே போதுமென்பது விந்தையன்றோ?

ஆனால் முகம் தெரிந்ததற்குப் புள்ளிக் கணக்கு மட்டும் காரணமன்று. நெகடிவில் நிழற்பகுதி என்பது ஏறக்குறைய வெறுங் கண்ணாடி. அந்த வெறுமையில் முகம் மூச்சுக்காற்று படிந்ததுபோல் மிக மெல்லியதாக இருக்கும். கைப்பேசி வழக்கமாகச் சேமிக்கும் படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 256 படிகளே உண்டு. ஸ்கேனரைப் பதினாறு பிட்டில் ஓட்டினால் 65,536 படிகள். முன்னதில் ஒன்றிரண்டு படிக்குள் அமுங்கிப்போகும் முகம், பின்னதில் சில நூறு படிகளில் விரிந்து நிற்கிறது. அதனைப் பின்னர் வெளிச்சப்படுத்திக் காண இயலும்.

எந்த ஸ்கேனர் என்பது அடுத்த கேள்வி. மேசைமேல் வைத்து ஆதார் அட்டையைப் படியெடுக்கும் மெல்லிய ஸ்கேனர் இதற்கு உதவாது. அது தாளில் பட்டுத் திரும்பும் ஒளியைப் படிப்பது. நெகடிவுக்கோ ஊடுருவி வரும் ஒளி வேண்டும். ஆகவே மூடியிலும் விளக்குள்ள இயந்திரமே தேவை. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. எப்சன் வி 600 என்பது விலை குறைந்தது. மூடியில் விளக்கும் உண்டு. ஆனால் அந்த விளக்கின் அகலம் மூன்று அங்குலங்கூட இல்லை. சுருள் பிலிமுக்கு அது சிறந்தது. அரைப் பிளேட்டை அதில் இரண்டு துண்டாகப் படித்து ஒட்டவேண்டும். டிரைப் செய்த வேலையை நாமும் செய்தாகவேண்டும். விலையைப் பார்த்து அதை வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். 2006-இல் வந்த வி 700, வி 750, 2014-இல் வந்த வி 800, வி 850 ஆகிய நான்குமே 8 அங்குலத்துக்கு 10 அங்குலம் வரை ஊடுருவும் ஒளியில் படிப்பவை. முழுப் பிளேட்டும் அவற்றில் அடங்கும். நான் கேட்பது இந்நான்கில் ஒன்றையே. புதியதன் விலை ஓர் இருசக்கர வண்டியின் விலையை நெருங்கும் என்பதை மறைக்கவில்லை. எனவே நல்ல நிலையிலுள்ள பழையது கிடைத்தால் அதையே வாங்கலாமென்பது என் கருத்து.

பழையது வாங்கும்போது பார்க்கவேண்டியவை சில. கண்ணாடியின் உட்புறத்தில் பனி படிந்ததுபோல் மங்கல் தோன்றியிருக்கும். டார்ச்சு விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். கழற்றித் துடைக்கலாம், ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கவேண்டும். முன்னவை இரண்டிலும் உள்ளது குழல்விளக்கு வகை, சற்றே சூடேறக் காத்திருக்கவேண்டும், பின்னவற்றில் எல்.இ.டி., உடனே எரியும். பெரிய பிலிமை நேரே கண்ணாடிமேல் வைப்பதற்கான சட்டம் உடன் வருகிறதா என்று கேளுங்கள். விற்போர் பெரும்பாலும் அதைத்தான் தொலைத்திருப்பார்கள். மேல்விளிம்பில் ஒரு பட்டை இருக்கிறது; ஒவ்வொரு முறையும் இயந்திரம் தன் விளக்கை அளந்துகொள்ளுமிடம் அதுவே. அதன்மேல் எதுவும் படக்கூடாது. இதையறியாது நான் முதல் நாள் ஒரு தகட்டைத் தள்ளி வைத்துவிட்டு, படம் முழுதும் நெடுங்கோடுகள் விழுவதைக் கண்டு, இரவல் வாங்கிய பொருளைக் கெடுத்துவிட்டோமே என்று இரவு முழுதும் உறங்காதிருந்தேன்.

தகட்டை வைக்கும் முறையும் உண்டு. மருந்துப் பக்கம் கீழ்நோக்க வேண்டும். அப்பொழுதுதான் படம் ஸ்கேனரின் பார்வைத் தளத்தை ஒட்டி அமையும். மாற்றி வைத்தால் கண்ணாடியின் கனம் இடையில் நின்று கூர்மை குறையும். கீழ்நோக்கி வைத்தால் படம் இடம்வலம் மாறித் தெரியும், கணினியில் திருப்பிக்கொள்ளலாம். பளபளப்பான பக்கமும் ஸ்கேனரின் கண்ணாடியும் ஒட்டினால் எண்ணெய் மிதக்கும் நீரில் தெரிவதுபோன்ற வளையங்கள் தோன்றும். மருந்துப் பக்கம் சற்று மங்கலானதாகையால் அத்தொல்லை குறைவு. என் தந்தையாரைப் போன்றோரின் பென்சில் வேலை அப்பக்கத்திலேதான் இருக்கிறது. அது தேய்ந்துவிடாதிருக்கக் கறுப்பு அட்டையில் சட்டம்போல் வெட்டி, தகட்டின் ஓரம் மட்டும் அதன்மேல் தங்கும்படி வைத்தேன். ஸ்கேன் செய்த படத்தைப் பெரிதாக்கியபோது ஒரு மணப்பெண்ணின் கன்னத்தில் அந்தப் பென்சில் கோடுகளைக் கண்டேன். கோலத்துப் புள்ளிபோல் நெருக்கமாக, ஒரே சீராக இருந்தன. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் கூடவே கூடாது. மருந்துப் பக்கத்தில் மென்மையான தூரிகையும் ரப்பர் ஊதியுந்தான். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பருத்திக் கையுறையில் கண்ணாடி வழுக்கும். மருத்துவமனையில் அணிவதுபோன்ற ரப்பர் கையுறை நல்லது. பூச்சு உரிந்துவரும் தகட்டைக் கண்டால் தொடாமல், அப்படியே மருந்துப் பக்கம் மேலே இருக்க வைத்துவிடுங்கள். தூசியையும் கீறலையும் தானே நீக்குவதாகக் கூறும் வசதி ஒன்று இவ்வியந்திரங்களில் உண்டு. அது அகச்சிவப்பு ஒளியால் வேலை செய்வது. கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளித் துகள் அந்த ஒளியையும் மறைப்பதால், இயந்திரம் படத்தையே தூசியென்று எண்ணி அழிக்கத் தொடங்கிவிடும். தாத்தாவின் மீசையைத் தூசி என்று கருதும் இயந்திரத்தை எப்படி நம்புவது? அதை அணைத்துவிடவேண்டும்.

சேமிக்கும்போது டிஃப் என்னும் வகையில் சேமித்தால் விவரம் குறையாது. 1200 புள்ளியில் அரைப் பிளேட்டு ஒன்று ஏறக்குறைய 89 மெகாபைட்டு ஆகும். நூறு தகடு 9 ஜிகாபைட்டு. சட்டைப்பையில் அடங்கும் பென் டிரைவில் இடம் மிஞ்சும். இரண்டு படி எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள்.

கண்ணாடியல்லாத பெரிய பிலிம் உங்களிடம் இருந்தால் அது பற்றி ஒரு வார்த்தை. பழைய பிலிம்களில் ஒரு வகை நைட்ரேட்டு. எளிதில் தீப்பிடிக்கும், 1950-களின் தொடக்கத்தோடு அதன் உற்பத்தி பெரும்பாலும் நின்றது. மஞ்சளித்து, பிசுபிசுத்து, கெட்ட நாற்றம் வீசினால் அதைத் தனியே எடுத்து வையுங்கள்; சமையலறைப் பரண் அதற்கு ஆகாது. கொளுத்திப் பார்த்துச் சோதிக்கும் வீரம் வேண்டவே வேண்டாம். ஓரத்தில் சேஃப்டி என்று பொறித்திருந்தால் தீயபாயம் இல்லை. ஆனால் அவ்வகையில் அசிட்டேட்டு பிலிம் முதுமையடைந்தால் காடி வாசனை வரும், சுருங்கும், பூச்சு வாய்க்கால் வாய்க்காலாக மடியும். மடிந்தபின் எந்த ஸ்கேனரும் உதவாது. ஆகவே காடி வாசனை வரும் பெட்டியைத்தான் முதலில் திறக்கவேண்டும். உதகமண்டலத்தில் 1960-இல் அமைக்கப்பட்டு 1967-இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' முத்திரை பிலிமும் சிலர் வீட்டில் இருக்கும். அந்த ஆலை இன்று இல்லை. அதில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களின் படங்கள் எந்த பிலிமில் இருக்கின்றனவோ!

நல்ல காமிராவும் மேக்ரோ லென்சும் வைத்திருக்கும் பிள்ளைகள், ஒளிப்பலகைமேல் தகட்டை வைத்து நேர்மேலிருந்து படமெடுக்கலாம். 24 மெகாபிக்சல் காமிராவில் அரைப் பிளேட்டுக்கு அங்குலத்துக்கு 800 புள்ளிக்கு மேல் கிடைக்கும். பெரும்பாலான தேவைக்குப் போதுமானது, விரைவானதும்கூட. ஏற்கெனவே காமிரா உள்ளவர் ஸ்கேனர் வாங்கவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் காமிராவும் தகடும் இம்மியும் சாயாமல் நேருக்கு நேர் நிற்கவேண்டும், ஓரமெங்கும் ஒளி சமமாக விழவேண்டும். சங்கத்தின் அறையில் பலரும் வந்து பயன்படுத்த மூடியைத் திறந்து மூடும் இயந்திரமே தக்கது. வெளியில் கொடுத்துப் படியெடுக்கலாமே என்றால், தகடு ஒன்றுக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். நாற்பது தகட்டுக்கு அப்பணம் ஏறிக்கொண்டே போகும். கூலியைவிட எனக்கு அச்சம் ஆட்டோவின் குலுக்கல். கண்ணாடியை ஒன்றன்மேலொன்றாகப் படுக்கவைத்தால் அடியிலுள்ளது விரிசல் விடும். புத்தகம்போல் நிறுத்திவைக்கவேண்டும், தகட்டுக்குத் தனித்தனியே தாளுறை வேண்டும்.

இது ஏதோ ஒரு கிழவனின் பித்து என்று எண்ணவேண்டாம். 1955-இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 2010-களின் நடுவிலிருந்து, பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியுடன் தமிழகத்துப் பழைய படநிலையங்களின் படங்களைத் தேடிச்சென்று படியெடுத்தது. ஜோயி ஹெட்லி என்னும் ஆய்வாளர் அப்பணியை முன்னின்று நடத்தினார். அரசரும் கோயிலும் அன்று அவர்கள் தேடியது. சாதாரணத் தமிழ்க் குடும்பங்கள் தம்மை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்பின என்பதே. அப்பணி தமிழ்நாட்டைச் சார்ந்தது. பெங்களூரில் மூன்று நான்கு தலைமுறையாக வாழும் நம்முடைய பரணை வந்து திறப்பவர் யார்? நம் பேட்டைக்குக் கன்னட அகராதி தந்த கிட்டெல் பெயரை வைத்திருக்கிறார்கள். சொற்களைப் பொறுக்கிச் சேர்த்து 1894-இல் அவர் அச்சேற்றினார். வெளியூரிலிருந்து வந்தவர் இங்குள்ளவற்றைச் சேர்த்துவைக்கலாம் என்பதற்கு அவரே போதும்.

ஆயினும் ஸ்கேனர் வாங்கினால் பாதி வேலைதான் முடியும். முகம் கிடைத்துவிடும், பெயரை இயந்திரம் சொல்லாது. என் நாற்பத்தொரு தகடுகளில் பதினேழுக்கு மட்டுமே இதுவரை பெயர் கிடைத்திருக்கிறது. எஞ்சியவற்றுக்குப் பெயர் சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் எண்பதைத் தாண்டியவர்கள். அடுத்த ஆண்டு நிதி நிலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பொருளாளர் அவர்கள் கூறினார்கள். நிதி அடுத்த ஆண்டும் வரும். அவர்கள் இருப்பார்களா என்பதையும் கணக்கில் சேர்க்கும்படி வேண்டுகிறேன். சென்ற தையில் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பெரியவர் ஒருவரைப் பார்க்கச் சென்றேன். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

யாருடைய படம் என்னும் கேள்வியும் எழுகிறது. என் பெட்டியில் இறந்தவரை நாற்காலியில் அமர்த்தி, மாலையிட்டு, குடும்பமே சூழ நின்று எடுத்த படங்கள் மூன்று இருக்கின்றன. அக்காலத்தில் பலருக்கு அதுவே முதற்படமும் கடைசிப் படமும். அவற்றைக் கண்ட இடத்தில் காட்டலாகாது. படியெடுத்தவை குடும்பத்தாரின் இசைவின்றிக் கைப்பேசிக் குழுக்களில் உலவக்கூடாதென்று சங்கம் ஒரு விதி செய்யவேண்டும். அந்த விதி இல்லாவிடில் என் விண்ணப்பத்தை நானே திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

இனி, நிழலில் நின்ற இளைஞனின் முகம். அதைத் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அம்மையாரிடம் சென்றேன். வயது தொண்ணூற்றைத் தாண்டியது. குழுவிலுள்ள நால்வரின் பெயரைத் தயக்கமின்றிக் கூறினார். கோடியில் நின்றவனிடம் விரல் வந்ததும் நின்றுவிட்டது. "இது எங்க அண்ணன்" என்றார். 1947-இல் காய்ச்சலில் இறந்தவராம். வீட்டில் படமில்லை. "அண்ணன் மொகம் எனக்கு மறந்தே போச்சு தம்பி; என் மூத்த மகன் மொகத்தத்தான் அண்ணன் மொகமுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார். சிறிது நேரங்கழித்து, "நாங்க நெனச்ச மாதிரி இல்ல. மூக்கு எங்கம்மா மூக்கு" என்றார்.

கேடயத்தில் எழுதியிருப்பது யாது என்று இரு சாராரும் என்னைக் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். அதனைப் பொதுக்குழுவில் ஸ்கேனருக்கு வாக்களித்தபின் வெளியிடுவதாக இருக்கிறேன். இரவல் வாங்கிய இயந்திரம் திரும்பச் சென்றுவிட்டது. என் பெட்டியில் இன்னும் ஒன்பது தகடுகள் படியெடுக்கப்படாமல் இருக்கின்றன. உங்கள் பரணில் எத்தனையோ, நீங்கள்தாம் ஏறிப் பார்க்கவேண்டும்.

அந்தப் படத்தை இம்மலரில் அச்சிடலாமா என்று அம்மையாரைக் கேட்டேன். வேண்டாம் என்றார். ஆகவே அது இங்கே இல்லை.